கப்பலில் 33 ஆண்டு, இப்போது தென்னந்தோப்பு: பக்கத்து நிலத்தை வாங்கலாமா?

கேள்வி: வயது 62. 33 ஆண்டுகள் வெளிநாட்டுக் கப்பல்களில் இன்ஜினியர். பிஸ்கே விரிகுடாப் புயல், ஏடன் வளைகுடாவில் கொள்ளையருக்குப் பயந்து ராத்திரிக் காவல் எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றரை ஆண்டுக்கு முன் பேராவூரணி பக்கம் சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். அப்பா வைத்த 4 ஏக்கர் தென்னை. போன ஆண்டு செலவு போக 2.4 லட்சம் நின்றது. ஓய்வூதியம் கிடையாது. என்.ஆர்.இ. டெபாசிட் 90 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 30 லட்சம். மாதச் செலவு 55,000. மனைவிக்கு வயது 57. பக்கத்துத் தோப்பு 3 ஏக்கர் 48 லட்சத்துக்கு வருகிறது. அதை வாங்கி, பத்து மாடும் கட்டலாம் என்று இருக்கிறேன். சும்மா உட்கார முடியவில்லை. சரியா?

பதில்: நிலம் வேண்டாம். அதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடலைவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்பியவர், வெளிநாட்டில் இருப்பவருக்கான (என்.ஆர்.ஐ.) என்.ஆர்.இ. கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கியில் எழுதிக் கொடுத்து உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். டெபாசிட்டை முறிக்கத் தேவையில்லை. பேசிய வட்டியில் முதிர்வு வரை ஓடும். ஆனால் ஊர் திரும்பிய நாளிலிருந்து அந்த வட்டிக்கு வரிவிலக்கு கிடையாது. புதிய வரிமுறையில் வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடியால் வரி வராமல் போகலாம். அதற்காக ரிட்டர்னில் காட்டாமல் விடாதீர்கள். அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் விதியை மீறினால் அபராதம் தொகையைப்போல் மூன்று மடங்கு வரை போகும். ஃபண்டில் கொடுத்த அடையாள விவரத்திலும் (கே.ஒய்.சி.) என்.ஆர்.ஐ. என்பதை மாற்றுங்கள். இது முடியாமல் சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் சேரவும் முடியாது, என்.ஆர்.ஐ.க்கு அதில் இடமில்லை.

இனி நிலக் கணக்கு. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்தால் 48 லட்சம் 52.32 லட்சமாகிறது. உங்கள் தோப்பில் ஏக்கருக்கு 60,000 நிற்கிறது. அதே அளவு என்றாலும் 3 ஏக்கரில் 1.8 லட்சம், அதாவது மூன்றரை சதவீதம்கூட இல்லை. இடத்தின் விலை ஏறுமே என்பீர்கள். ஏறலாம். ஆனால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அரை ஏக்கரை ஒரு வாரத்தில் விற்க முடியாது.

அதைவிடப் பெரிய விஷயம் கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலை உங்கள் பகுதித் தோப்புகள் எப்படிச் சாய்ந்தன என்று ஊரில் கேட்டால் தெரியும். நெட்டைக் கன்று வைத்தால் காய்க்க ஆறேழு ஆண்டு ஆகும். உங்களுக்கு 69 வயது. பக்கத்துத் தோப்பை வாங்குவது அதே புயலில் பணத்தை இரட்டிப்பாக நிறுத்துவது. மெயின் ஜெனரேட்டரும் ஸ்டாண்ட்பையும் ஒரே டாங்க்கில் எண்ணெய் குடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு நுணுக்கம்: 5 ஏக்கர் வரை நீங்கள் சிறு விவசாயி. சொட்டுநீருக்கு அரசு நிர்ணயித்த தொகை வரை 100 சதவீத மானியம். 7 ஏக்கர் ஆனால் அது 75 ஆகிவிடும். பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தால் முதலில் மாற்றுங்கள். சிட்டா, அடங்கல் இல்லாமல் மானியமும் வராது, கிசான் கிரெடிட் கார்டும் வராது. 3 லட்சம் வரையிலான அந்தப் பயிர்க்கடன், தவணைக்குள் கட்டினால் 4 சதவீத வட்டிதான். உரச் செலவுக்கு டெபாசிட்டில் கை வைக்காதீர்கள்.

90 லட்சத்தை இப்படிப் பிரிப்பேன். சீனியர் சிட்டிசன் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சம்: 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு 61,500. தபால் அலுவலக மாத வருமானத் திட்டத்தில் கூட்டுக் கணக்காக 15 லட்சம்: 7.4 சதவீதத்தில் மாதம் 9,250. இரண்டும் சேர்த்து மாதம் 29,750. உங்கள் மாதச் செலவு 55,000-க்கு ஆண்டுக்கு இன்னும் ஏறக்குறைய 3 லட்சம் தேவைப்படும். அதற்கு 15 லட்சத்தை மூன்று மூன்று லட்சமாக 1 முதல் 5 ஆண்டு டெபாசிட்டில் போட்டு, ஆண்டுக்கொன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி 30 லட்சம், மனைவிக்கு 60 ஆகும்போது அவர் பெயரில் இதே சேமிப்புத் திட்டத்துக்கு. பணம் நீங்கள் கொடுத்தது என்பதால் வரிக்கு அந்த வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேரும். ஒரு வங்கியில் ஒருவர் போட்ட பணத்துக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு. ஒரே வங்கியில் குவிக்காதீர்கள்.

ஃபண்டில் 5 லட்சத்தை அவசரத்துக்காக, சட்டென்று எடுக்கக்கூடிய லிக்விட் ஃபண்டுக்கு மாற்றுங்கள். மீதி 25 லட்சம் விலைவாசிக்கு எதிரானது. ஏழெட்டு ஆண்டு தொட வேண்டாம். தேங்காய்ப் பணத்தை வீட்டுச் செலவுக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. வெள்ளை ஈ வந்த ஆண்டில் அது பாதியாகும். அது தோப்புக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் போகட்டும். கம்பெனி காப்பீடு போயிருக்கும். இருவருக்குமாக 10 லட்சம் ஃபேமிலி ஃப்ளோட்டர் (ஒரே தொகையை இருவரும் பயன்படுத்தும் காப்பீடு), அதைத் தாண்டும் செலவுக்கு சூப்பர் டாப்-அப். இன்ஜின் ரூமில் போன காது, இடுப்புவலி எதையும் மறைக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 3 ஆண்டுதான், மறைத்தால் க்ளெய்ம் நிற்கும்.

மாடு? பத்துக்கு நாள்தோறும் 250 கிலோவுக்கு மேல் பசுந்தீவனம் வேண்டும், அதற்கே நல்ல தண்ணீருள்ள ஓர் ஏக்கர் போகும். ஒவ்வொரு கறவைக்கும் ஏறக்குறைய இரண்டு மாதம் வற்றுக்காலம் உண்டு, அப்போதும் தின்னும். பால்காரர் ஒரு நாள் வராவிட்டால் பத்து மாட்டையும் நீங்கள் கறக்க முடியாது. பால் வருமானம் வரிக்கு விவசாய வருமானமும் அல்ல. இரண்டு மாடு கட்டுங்கள். தென்னை இடைவெளியில் கம்பு நேப்பியர் தீவனப்புல் போடுங்கள், எரு தோப்புக்கு. ஓராண்டு ஆள் வைக்காமல் பார்த்துவிட்டு மூன்றாவதை யோசிக்கலாம்.