நெட்டி முறிந்தால்தான் வலி போகுமா?

கேள்வி: கழுத்து பிடித்துக்கொண்டால் சலூனில் தலையைத் திருப்பி 'படக்'கென்று நெட்டி எடுத்துவிடுகிறார்கள். ஆஸ்டியோபதி என்ற கைச்சிகிச்சையும் இதுதானே?

பதில்: இல்லை. அந்தச் சத்தம் எலும்பு இடத்துக்கு வந்து உட்காரும் சத்தம் அல்ல. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயுக்குமிழி உண்டாகிறது, அவ்வளவுதான். சத்தமே வராமலும் மூட்டு இளகும். ஆஸ்டியோபதியிலும் வேகமாகத் தள்ளும் முறை உண்டு. ஆனால் எந்த மூட்டு, எந்தப் பக்கம் தடைப்படுகிறது என்று விரலால் தேடிப் பார்த்த பிறகுதான், அதுவும் மிகச் சிறிய அசைவாக. சலூனில் மட்டும் தயவுசெய்து கழுத்தைக் கொடுக்காதீர்கள். கழுத்தெலும்புகளின் துவாரங்கள் வழியாக மூளைக்கு ரத்தக்குழாய் போகிறது. முரட்டுத்தனமாகத் திருப்பியதில் அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. எலும்பு அடர்த்தி குறைவு என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. முதுகுப் பிடிப்புக்குக் கைச்சிகிச்சை செய்யலாமா?

பதில்: தள்ளும் முறை கூடவே கூடாது. மென்மையான வழி இருக்கிறது. அமெரிக்க ஆஸ்டியோபதி மருத்துவர் லாரன்ஸ் ஜோன்ஸ் 1950களில் கண்டது: தொட்டால் வலிக்கும் புள்ளியில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, அந்த வலி அடங்கும் நிலைக்கு உடம்பை மெல்லக் கொண்டுவர வேண்டும். அப்படியே 90 வினாடி. பிறகு மிக மெதுவாகப் பழைய நிலைக்கு. விரலுக்கடியில் தசை இளகுவது எனக்கு இன்றும் வியப்புதான். அம்மாவுக்கு அதிகமாக வளைக்காமல், ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டுச் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கழுத்து வலப்பக்கம் திரும்பவில்லை. வீட்டிலேயே ஏதாவது செய்யலாமா?

பதில்: லேசான பிடிப்பு என்றால் செய்யலாம். நேராக உட்கார்ந்து, வலியில்லாமல் எவ்வளவு திரும்புமோ அவ்வளவு வலப்பக்கம் திரும்புங்கள். இடது உள்ளங்கையை இடது கன்னத்தில் வையுங்கள். இப்போது தலையை இடப்பக்கம் திருப்பப் பாருங்கள், ஆனால் கை அதைத் திரும்ப விடக்கூடாது. உங்கள் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போதும், 5 வினாடி. விட்டுவிட்டு ஒரு மூச்சு. அப்புறம் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் போகும். மூன்று, நான்கு தடவை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினால் பிடிப்புதான் கூடும். தலைசுற்றினாலோ கை மரத்தாலோ நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: சிகிச்சைக்கு மறுநாள் உடம்பெல்லாம் வலிக்கிறதே?

பதில்: ஓரிரு நாளில் போய்விடும். போகவில்லை என்றால் சிகிச்சை செய்தவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: இடுப்புவலியோடு இரண்டு நாளாகக் காலில் பலமில்லை, சிறுநீர் சரியாகப் போகவில்லை. எத்தனை சிட்டிங் தேவைப்படும்?

பதில்: ஒன்றுகூட வேண்டாம். இது கைச்சிகிச்சைக்கான வலி இல்லை. முதுகுத்தண்டின் கீழே நரம்புக் கொத்து நசுங்கியிருக்கலாம். இதைப் படித்ததும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.