ரம்பத்தால் வெட்டிய செய்திகள்

கேள்வி: அமெரிக்கச் சிற்றூர்களின் பழைய வாரப் பத்திரிகைகளைப் படித்து வருகிறேன். 1905 வாக்கில் வந்த ஒரு வீட்டுக் கருவி பற்றிய செய்தி, படத்தோடு, மூன்று ஊர்ப் பத்திரிகைகளில் எழுத்து மாறாமல் இருக்கிறது. ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்தார்களா?

பதில்: காப்பி என்று சொல்லிவிடாதீர்கள், மூன்று பேரும் ஒரே இடத்தில் காசு கொடுத்து வாங்கிய சரக்காகத்தான் இருக்கும். அந்த மாதிரிப் பத்திரிகையில் பெரும்பாலும் ஆசிரியர்தான் நிருபர், அவர்தான் கம்பாசிட்டர், சந்தா வசூலுக்கும் அவரே போக வேண்டும். எல்லாப் பக்கத்துக்கும் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிக் கோர்க்க வாரம் போதாது. விசையைத் தட்டினால் வரிவரியாக எழுத்தை வார்த்துக் கொடுக்கும் லைனோடைப் இயந்திரம் 1886-லேயே நியூயார்க் ட்ரிப்யூன் நாளிதழில் ஓடத் தொடங்கிவிட்டது, ஆனால் சின்ன அச்சகத்துக்கு அது எட்டாத விலை.

விஸ்கான்சின் மாநிலத்தின் பாரபூ என்ற ஊரில் கெல்லாக் என்ற ஆசிரியருக்கு 1861-ல் இதே திண்டாட்டம். அச்சக ஆள் உள்நாட்டுப் போருக்குக் கிளம்பிவிட, ஒரு பக்கம் ஏற்கெனவே அச்சான தாளை மாடிசன் நகரத்திலிருந்து வரவழைத்து, மறுபக்கத்தில் மட்டும் தன் ஊர்ச் செய்தியை அடித்துக்கொண்டார். 1865-ல் சிகாகோவில் அதையே தொழிலாகவும் ஆக்கிவிட்டார். அப்புறம் வந்தது 'பாய்லர் பிளேட்', அதாவது செய்தியை முன்கூட்டியே பத்திரிகைப் பத்தியின் (காலம்) அகலத்துக்கு வார்த்து வைத்த உலோக அச்சுத் தகடு. அமெரிக்கன் பிரஸ் அசோசியேஷன் போன்ற நிறுவனங்கள் இதை ஊர் ஊராக அனுப்பின. தகடு நீளமாகிப் போனால் ஆசிரியர் ரம்பத்தை எடுத்து, எவ்வளவு இடம் இருக்கிறதோ அந்த அளவுக்கு அறுத்துவிடுவார்! உங்களிடம் இருக்கும் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்றில் கடைசிப் பாரா காணாமல் போயிருக்கலாம், எழுத்தின் வடிவமும் உள்ளூர்ச் செய்தியோடு ஒட்டாமல் நிற்கும். எனக்கு இந்த ஆசிரியர்கள்மீது பெரிய மரியாதை உண்டு, அந்தத் தகடுகள் இல்லையென்றால் பல ஊர்களுக்குப் பத்திரிகையே இருந்திருக்காது.

ஒரு எச்சரிக்கை: தகட்டை எந்த வாரமும் போடலாம். அதனால் பத்திரிகைத் தேதியைக் கண்டுபிடிப்பின் தேதியாக எடுத்துக்கொள்ளாமல் காப்புரிமைப் பதிவைப் பாருங்கள்.

கேள்வி: சரி, அப்படிப் படித்த கருவிகள் அந்த ஊர் வீடுகளுக்கு வந்து சேர்ந்தனவா?

பதில்: சிலது சட்டென்று வந்தது. ஜில்லெட் சவரக்கருவி 1903-ல் விற்றது வெறும் 51, அடுத்த வருஷமே 90,000-ஐத் தாண்டிவிட்டது. அதற்குக் கையும் தண்ணீரும் போதும்.

மின்சாரக் கருவிகளின் கதை வேறு. ஒஹையோவின் கேன்டன் நகரில் ஸ்பாங்ளர் என்ற துப்புரவுப் பணியாளர், பெருக்கும்போது கிளம்பும் தூசியால் மூச்சுத் திணறி, ஒரு மின்விசிறி மோட்டார், துடைப்பக் கம்பு, தலையணை உறை மூன்றையும் சேர்த்துத் தூசி உறிஞ்சும் இயந்திரம் செய்தார். 1908-ல் காப்புரிமை கிடைத்தது, பிறகு ஹூவர் குடும்பம் அதை வாங்கிக்கொண்டது. ஆனால் 1930-களின் நடுவில்கூட அமெரிக்கக் கிராமப்புறத்தில் பத்தில் ஒரு வீட்டுக்குத்தான் மின்சாரம் இருந்தது. மற்றவர்கள் மண்ணெண்ணெய் விளக்கடியில் அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு, கம்பளத்தை வெளியே கொடியில் போட்டுக் கம்பால்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள்.