பேட்டரியை வெட்டிப் பார்த்தால் போதாதா, எக்ஸ்-ரே எதற்கு?

லித்தியம் அயான் பேட்டரி ஏன் உப்புகிறது, ஏன் தீப்பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள வெட்டிப் பார்த்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. ஆய்வகத்தில் பேட்டரி செல்களை எக்ஸ்-ரேயால் சிடி ஸ்கேன் எடுப்பதுதான் என் வேலை. சார்ஜ் ஏறிய செல்லைத் திறந்தாலே காற்றுப் பட்டு உள்ளிருப்பது மாறத் தொடங்கிவிடும். அடுக்குகளும் குலைந்துபோகும். அப்புறம் கண்ணில் படும் விரிசல் முன்பே இருந்ததா, நம் கத்தி போட்டதா என்று யார் சொல்வது?

18 மிமீ விட்டம், 65 மிமீ நீளம் உள்ள 18650 என்ற உருளை வடிவ செல்லின் குறுக்குவெட்டு, திரையில் இறுக்கிச் சுருட்டிய கோரைப்பாய் போலத் தெரியும். செம்புத் தாள் பளிச்சென்று இருக்கும், நிக்கலும் கோபால்ட்டும் உள்ள நேர்முனையும் அப்படித்தான். எதிர்முனையில் உள்ள கிராஃபைட் மங்கல். லித்தியம் மட்டும் கண்ணுக்கே படாது, அணு எண் வெறும் 3 என்பதால் எக்ஸ்-ரே அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். ஆனால் அது போன சுவடு தெரியும். லித்தியம் நிறைய ஏறினால் கிராஃபைட் சுமார் 10 சதவீதம் பருக்கும், சில செல்களின் எதிர்முனையில் சேர்க்கும் சிலிக்கான் ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஒரே செல்லைப் புதிதாக இருக்கும்போதும், பல நூறு முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் படமெடுத்து ஒப்பிட்டால், உள்சுற்று மையத்தை நோக்கி மடங்கி நெளிந்திருப்பது தெரியும். எனக்கு இதுவரை சலிக்காத காட்சி இது.

தீ விஷயத்துக்கு 2015-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். பிரான்ஸின் கிரனோபிளில் 844 மீட்டர் சுற்றளவுள்ள சிங்க்ரோட்ரான் இருக்கிறது, மிகச் செறிவான எக்ஸ்-ரே தரும் வளைய வடிவ இயந்திரம் அது. எங்கள் கருவியில் ஒரு சிடிக்கு மணிக்கணக்கில் காத்திருப்போம், அங்கே ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் குழுவினர் அங்கே செல்களைச் சூடேற்றி, வெடிக்கும்போதே படமெடுத்தார்கள். வாயு திரண்டு அடுக்குகளைப் பிளக்கிறது. செம்பு உருகி உருண்டைகளாகத் திரள்கிறது, அப்படியென்றால் உள்ளே 1,085 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது. நடுவில் தாங்கு குழாய் இருந்த செல் கட்டுக்குலையாமல் நின்றது. அது இல்லாத செல்லில் சுருள் உள்ளே சரிந்து, மூடி பிய்த்துக்கொண்டு போயிற்று.

அந்தப் படங்களைப் பார்த்ததிலிருந்து எந்த 18650 கைக்கு வந்தாலும், முதலில் அந்தக் குழாய் இருக்கிறதா என்றுதான் தேடுகிறேன்.