நிரல் கேள்வி – பதில்: குறுகிய வழி எது?

கேள்வி: எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தங்களை முனைகளாகவும் அவற்றுக்கு இடையிலான சாலைகளை விளிம்புகளாகவும் வைத்து, சைட்டோஸ்கேப் ஜேஎஸ் என்னும் திறமூல ஜாவாஸ்கிரிப்ட் நிரலகத்தில் ஒரு கோட்டுரு அமைத்திருக்கிறேன். 9 கி.மீ. வழி இருக்கும்போது, குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் அதன் டைக்ஸ்ட்ரா செயற்கூறு 14 கி.மீ. வழியைக் காட்டுகிறது, ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையிலும் போகச் சொல்கிறது. நிரலகத்தில் பிழையா?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: பிழை இல்லை. விளிம்பின் எடையை, அதாவது அதைக் கடக்க ஆகும் செலவை (உங்களுக்குத் தொலைவு), எங்கிருந்து எடுப்பது என்று நீங்கள் சொல்லாவிட்டால், அந்தச் செயற்கூறு ஒவ்வொரு விளிம்புக்கும் எடை 1 என்றே கொள்ளும். ஆகவே உங்களுக்குக் கிடைத்தது தொலைவு குறைந்த வழி அன்று, விளிம்புகள் குறைந்த வழி. ‘வெயிட்’ என்ற விருப்பத்தில், விளிம்பின் தரவிலிருந்து தொலைவை எடுத்துத் தரும் ஒரு சிறு செயற்கூற்றைக் கொடுங்கள்.

திசையும் அப்படித்தான். ‘டைரக்டெட்’ என்பதை நீங்கள் மெய் என்று அமைக்காதவரை, எல்லா விளிம்புகளும் இருதிசையிலும் செல்லத்தக்கவையாகவே கருதப்படும். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் உயிரியல் வலைப்பின்னல்களை மனத்தில் கொண்டு உருவான நிரலகம் இது. இரண்டு புரதங்கள் ஒட்டிக்கொள்வதில் போவதும் வருவதும் இல்லையாதலால், இந்த முன்னிருப்பு அங்கே இயல்பானதே என்று நினைக்கிறேன். நீங்கள் திசையை இயக்கியபின், இருவழிச் சாலை ஒவ்வொன்றுக்கும் போக ஒன்று, வர ஒன்று என இரண்டு விளிம்புகள் தேவைப்படும்.

தொலைவுகளைக் கோப்பிலிருந்து படித்திருந்தால் இன்னொன்றையும் சரிபாருங்கள். அவை எண்களாக இல்லாமல் சரங்களாக, அதாவது வெறும் எழுத்துத் தொடர்களாக, இருக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட்டில் 5 என்ற எண்ணோடு ‘12’ என்ற சரத்தைக் கூட்டினால் 17 வராது, ‘512’ என்ற சரம்தான் வரும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாமல் விடை மட்டும் தவறிப்போவதால், இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுதே போய்விடும்.

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-இல் இந்தப் படிமுறையை வகுத்ததும் சாலைகளுக்காகவே. ஆர்மாக் என்ற கணினியின் திறனைப் பொதுமக்களுக்குக் காட்ட, நெதர்லாந்தின் 64 நகரங்களை அவர் எடுத்துக்கொண்டார். நகரத்தைக் குறிக்க 6 பிட்டுகள் போதும் என்பதே 64-இல் நிறுத்தியதற்குக் காரணம்.

கேள்வி: தொலைவுக்குப் பதிலாகப் பயண நேரத்தை எடையாக வைத்தேன். பேருந்து மாறும்போது காத்திருக்கும் நேரத்தை எந்த விளிம்பில் சேர்ப்பது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இப்போதுள்ள அமைப்பில் எதிலும் சேர்க்க முடியாது. காத்திருப்பு என்பது, எந்தத் தடத்தில் வந்து எந்தத் தடத்துக்கு மாறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு நிறுத்தத்துக்கு ஒரே முனை என்றால், அங்கு வந்து சேர்ந்த தடம் எது என்பதைப் படிமுறை மறந்துவிடும். எனவே நிறுத்தத்தைத் தடவாரியாகப் பிரியுங்கள். காந்திபுரத்தில் மூன்று தடங்கள் நின்றால் அங்கே மூன்று முனைகள். ஒரு தடத்து முனையிலிருந்து மற்றொரு தடத்து முனைக்குச் செல்லும் விளிம்பின் எடை, காத்திருக்க வேண்டிய நிமிடங்கள். முனைகள் பெருகும் என்று தயங்க வேண்டாம். ஒரு நகரத்தின் சில ஆயிரம் முனைகளில் ஒரு தேடலை நடத்துவது உலாவிக்குப் பெரும் சுமை அன்று. ஆனால் எல்லா முனை இணைகளுக்கும் முன்கூட்டியே விடை கணித்து வைக்க ஃபிளாய்ட்–வார்ஷல் முறையை நாடினால், 1,000 முனைகளுக்கே சுமார் 100 கோடிப் படிகள் ஆகும்.

கேள்வி: கட்டணச் சலுகையை எதிர்மறை எடையாகக் கொடுக்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: டைக்ஸ்ட்ராவில் கூடாது. ஒரு முனைக்கான குறைந்த தொலைவு முடிவானபின் அது அந்த முனையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னால் வரும் சலுகை அதன் கண்ணில் படாது. அதே நிரலகத்தில் பெல்மன்–ஃபோர்டு முறையும் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். சுற்றச் சுற்றச் செலவு குறைந்துகொண்டே போகும் வளையம் உங்கள் தரவில் இருந்தால், அதையும் அது தெரிவித்துவிடும்.