அந்தக் காலத்து 72-உம் இந்தக் காலத்து 72-உம் ஒன்றா?

கேள்வி: வயதானால் எல்லோருமே பிடிவாதக்காரர்கள் ஆகிவிடுகிறார்களா? இல்லை, முந்தைய தலைமுறை முதியவர்கள்தான் அப்படி இருந்தார்களா?

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. ஆனால் வயதின் தலையில் நாம் கட்டும் பழியில் நிறைய, பிறந்த காலத்தைச் சேர வேண்டியது.

பாட்டி, அம்மா இருவரையுமே அவரவர் 72 வயதில் டாக்டரிடம் அழைத்துப் போனவன் நான். பாட்டி உள்ளே வாயே திறக்கமாட்டார். வெளியே வந்ததும், "அவருக்குத் தெரியாததா?" என்பார். அம்மா துண்டுச் சீட்டில் ஏழு கேள்விகளை எழுதிக்கொண்டு வந்தார். மூன்றாவதிலேயே டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் நாலு இருக்கு" என்றார் அம்மா, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டபடி.

ஆராய்ச்சியாளர்களுக்கும் இதே சிக்கல்தான். இன்று 30 வயதுக்காரருக்கும் 75 வயதுக்காரருக்கும் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்தால், கிடைக்கும் வித்தியாசம் முதுமையால் வந்ததா, 45 வருடம் முந்திப் பிறந்ததால் வந்ததா என்று பிரிக்க முடியாது. அமெரிக்காவில் உளவியலாளர் வார்னர் ஷாயி 1956-ல் தொடங்கிய சியாட்டில் ஆய்வு இதற்கு ஒரு வழி கண்டது. ஏழு வருடத்துக்கு ஒருமுறை பழைய ஆட்களையே மறுபடி சோதிப்பது, கூடவே புதியவர்களையும் சேர்த்துக்கொள்வது. அறிவுத்திறனை அளப்பதுதான் முக்கிய நோக்கம். ஆனாலும் மனம் எவ்வளவு வளைந்துகொடுக்கிறது என்பதையும் பார்த்தார்கள். பிந்திப் பிறந்தவர்கள், முந்தியவர்கள் அதே வயதில் இருந்ததைவிடப் பொதுவாக அதிகம் வளைந்துகொடுத்தார்கள். பள்ளிப்படிப்பு கூடியதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

சரி, வயது ஒன்றுமே செய்யாதா? செய்யும். சராசரியாக நடுவயதுவரை பொறுப்பும் நிதானமும் கூடும், முதுமையில் புதியதைத் தேடும் ஆர்வம் குறையும். 80-ஐத் தாண்டினால் காதும் மூட்டும்கூடக் குணத்தில் கைவைக்கும். பாட்டி கடைசி வருடங்களில் "முசுடு" என்று பெயர் வாங்கினார். உண்மையில் பாதிப் பேச்சு அவருக்குக் கேட்கவில்லை, திரும்பத் திரும்ப "என்ன?" என்று கேட்கக் கூச்சம். எங்களுக்கு அது தெரியவே ரொம்ப நாளாயிற்று.

அப்புறம் ஒன்று. தலைமுறை என்று இவ்வளவு பேசினாலும், ஒரே காலத்தில் பிறந்தவர்களுக்குள் இருக்கும் வித்தியாசம் இதைவிடப் பெரிது. பாட்டியின் சொந்தத் தங்கை, "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல, வேற எழுதுங்க" என்று டாக்டரிடம் சண்டை போட்டு, மாற்றி எழுதிய சீட்டோடுதான் வெளியே வருவார்.