அபூர்வ எல்.பி.: அசலா, மறுபதிப்பா?

கேள்வி: 'சிம்லா பீட் 70' என்ற பழைய எல்.பி. (பெரிய இசைத்தட்டு) ஆன்லைனில் விற்பனைக்கு வந்திருக்கிறது. 'அசல், வி.ஜி. பிளஸ், ரூ.22,000, ரிட்டர்ன் கிடையாது' என்று போட்டிருக்கிறார்கள். அதன் மறுபதிப்பு ஒன்று ரூ.3,500-க்குக் கிடைக்கிறது. எனக்குப் பாட்டுக் கேட்பதுதான் முக்கியம். ஆனாலும் அசல் மேல் ஆசை விடவில்லை. என்ன செய்யலாம்?
- கோவை வாசகர்

பதில்: பாட்டுதான் முக்கியமென்றால் யோசிக்காமல் மறுபதிப்பை வாங்குங்கள். ஆசை விடாது என்றால் கொஞ்சம் விசாரித்து இறங்குங்கள்.

இன்றைய ஐ.டி.சி.யான இம்பீரியல் டொபாக்கோ, தன் சிம்லா சிகரெட் பெயரில் நடத்திய இசைப் போட்டியிலிருந்து வந்த தொகுப்பு இது. 1970, 1971 இரண்டு வருடமும் ஒவ்வொரு எல்.பி. வந்தது. ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ் போன்ற குழுக்கள் பாடின. சினிமாப் பாட்டு கொடிகட்டிப் பறந்த காலத்தில் ஆங்கிலத்தில் ராக் பாடிய பையன்களை யார் தட்டு போடக் கூப்பிட்டார்கள்? அதனால்தான் சேகரிப்பாளர்கள் இப்படி அடித்துக்கொள்கிறார்கள். எல்லாமே சொந்தச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். டைனோசர்ஸ் குழு பாடியிருப்பது அமெரிக்காவின் கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் பாட்டு.

வி.ஜி. பிளஸ் ('வெரி குட் பிளஸ்') என்பது தட்டின் நிலைக்கு விற்பவர் தானே போட்டுக்கொண்ட மார்க். சேகரிப்பாளர் கணக்கில் அதற்கு, கிட்டத்தட்ட புதிது போன்ற தட்டின் விலையில் பாதிதான். பார்த்து மட்டும் போட்ட மார்க்கா, ஓட்டிக் கேட்டுப் போட்டதா என்று கேளுங்கள். பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வரும் வெற்று வளையத்தில், எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிக்க உதவும் எண் பொறித்திருக்கும். அதன் தெளிவான படம், விளக்கொளியில் தட்டைச் சாய்த்து எடுத்த படம், முதல் பாட்டு ஓடும் வீடியோ, மூன்றும் வாங்குங்கள். அனுப்பத் தயங்கினால் அந்த வியாபாரமே வேண்டாம்.

நேரில் பார்க்க முடிந்தால் அட்டையை விரலால் தடவுங்கள். போலி அட்டை, பழைய அட்டையை ஸ்கேன் செய்து அச்சடித்தது. அசலில் இருந்த மடிப்பும் தேய்மானமும் படமாக விழுந்திருக்கும். கண்ணுக்கு மடிப்பு தெரியும், கைக்கு வழவழவென்று இருக்கும். சின்ன எழுத்துகள் ஓரம் மங்கியிருக்கும்.

'ரிட்டர்ன் கிடையாது' என்று போட்டுவிட்டால் விற்பவர் தப்பித்துவிட முடியாது. போலியானது, குறையுள்ளது, அல்லது சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக்கூடாது என்கின்றன 2020-இன் மின்வணிக விதிகள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போடுங்கள். ஆனால் தொழிலாக இல்லாமல் வீட்டில் கிடந்த தட்டை விற்கும் தனிநபருக்கு இந்த விதிகள் பொருந்தாது. ஆகவே விற்பவர் யார் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த விளம்பரத்தைப் படம் பிடித்தும் வையுங்கள்.

கேள்வி: மறுபதிப்பு வாங்கினால் கலைஞருக்குக் காசு போகுமா?
- மதுரை வாசகி

பதில்: உரிமை பெற்ற பதிப்பாக இருந்தால் போக வழியுண்டு, ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பழைய அசல் கைமாறும்போது அவருக்கு ஒரு பைசா கிடையாது. பாடகி ரூபா பிஸ்வாஸின் 'டிஸ்கோ ஜாஸ்' எல்.பி.யின் கதை இதற்குப் பொருத்தம். கனடாவின் கால்கரியில் சரோட் கலைஞர் ஆஷிஷ் கானோடு பதிவு செய்து 1982-இல் வந்தது. அன்று யாரும் கண்டுகொள்ளவில்லை. பல வருடம் கழித்து யூடியூபில் பிடித்துக்கொண்டது. அசல் தட்டின் விலை எங்கோ போனது. 2019-இல் அமெரிக்க இசை நிறுவனமான நியூமெரோ குரூப் முறையாக மறுபதிப்புக் கொண்டுவந்தது.

இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு, வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை (காப்பிரைட்). 1970-இல் வந்த தட்டுக்கு 2030 முடியும்வரை உண்டு. பின் அட்டையில் உரிமம் தந்தவர் பெயரும் வெளியிட்டவர் முகவரியும் இல்லாமல் வெறும் பாட்டுப் பட்டியல் மட்டும் இருந்தால், திருட்டுப் பதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: சூட்கேஸ் மாதிரி மலிவு பிளேயரில் பழைய தட்டு போடலாமா?
- சேலம் வாசகர்

பதில்: ரூ.22,000 தட்டு என்றால் வேண்டவே வேண்டாம். நல்ல பிளேயரில் ஊசியின் அழுத்தம் 2 கிராம் அளவில் இருக்கும். இவற்றில் பலவற்றில் 5 கிராமைத் தாண்டும். மறுபதிப்பைப் போட்டுக் கேளுங்கள்.