ஜெஸ்ஸியை முதல் சீசனிலேயே கொன்றிருப்பார்கள்

கேள்வி: நீண்ட தொடர்களில் ஒரு பாத்திரத்தின் வளர்ச்சி முன்பே திட்டமிடப்படுகிறதா, போகப்போக அமைகிறதா?

இரண்டும் உண்டு. ஆனால் என் மனதில் நின்றவர்கள் பெரும்பாலும் போகப்போக அமைந்தவர்கள்தான். 'பிரேக்கிங் பேட்' (2008–2013) இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், கதையைச் சொல்லப்போகிறேன்.

வேதியியல் ஆசிரியர் வால்ட்டர் ஒயிட் போதைப்பொருள் காய்ச்சிக் கொடியவனாக மாறுவது, தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் முதலிலேயே போட்டுவைத்த பாதை. கூட்டாளி ஜெஸ்ஸி பிங்க்மேன் கதை வேறு. முதல் சீசனோடு அவனைத் தீர்த்துக்கட்டுவதாகத்தான் யோசனை. ஜெஸ்ஸியாக நடித்த ஆரன் பாலின் நடிப்பைப் பார்த்து மனதை மாற்றிக்கொண்டார்கள்.

ஆரம்பத்தில் அவனிடம் தொளதொள உடையையும் வாய்ச்சவடாலையும் தவிர பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டாம் சீசனின் ஆறாவது எபிசோடில்தான் ஆள் புரிகிறான். தெருவில் ஊர்ந்துபோகும் ஒரு வண்டைக் கையில் ஏறவிட்டு ரசித்துக்கொண்டிருப்பான். நண்பன் வந்து அதைக் காலால் நசுக்கிவிடுவான். அப்புறம், திருடிய சரக்கை மீட்க ஒரு வீட்டுக்குத் துப்பாக்கியோடு போனால், அங்கே கவனிப்பாரின்றி ஒரு சின்னப் பையன். மிரட்டப் போனவன் முகத்தைக் கைகளால் மூடித் திறந்து அவனோடு விளையாடத் தொடங்கிவிடுவான்.

குழந்தைகள்தான் இவனுடைய பலவீனம் என்று தெரிந்ததும் எழுத்தாளர்கள் விடவே இல்லை. மூன்றாம் சீசனில் கொல்லப்பட்ட சிறுவன் தோமாஸ், நான்கில் விஷம் கொடுக்கப்பட்ட பிராக், ஐந்தில் ரயில் கொள்ளையைப் பார்த்துவிட்ட சிறுவன். ஒவ்வொரு அடியிலும் அவன் வால்ட்டரிடமிருந்து விலகுகிறான். கடைசி சீசனில் பணக்கட்டுகளைக் கார் ஜன்னல் வழியே வீடு வீடாக எறிந்துகொண்டு போகும் இடத்துக்கு, வசனமே இல்லாமல் நமக்குக் காரணம் புரியும்.

போகப்போக எழுதுவதில் ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்க 'தி ஆஃபீஸ்' தொடரில் (2005–2013) மைக்கேல் ஸ்காட்டுக்கு அது நல்லதாய்ப் போயிற்று. முதல் சீசனில் சகிக்க முடியாத மேலதிகாரி, இரண்டாவதில் கொஞ்சம் பரிதாபத்தைக் கலந்தார்கள், பிழைத்துக்கொண்டார். கணக்காளர் கெவின் பாவம். இரண்டாம் சீசனில் உலக அளவிலான போக்கர் போட்டியில் வென்றவனாக வருகிறான். போகப்போக மந்தம் ஏறி, கடைசி எபிசோடில் கணக்கை நேர்செய்ய 'கெலெவன்' என்று இல்லாத எண்ணைச் சொந்தமாக உருவாக்கியதற்காக வேலையை இழக்கிறான். நன்றாகச் சிரித்தேன். ஆனால் அதை வளர்ச்சி என்று சொல்லமாட்டேன், ஒரே ஜோக்கை ஒன்பது சீசன் இழுத்ததன் விளைவு.